கேக்கலைங்க

மருந்துக்கடையில் நிற்கிற எனக்கு ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது காதில் விழுகிற பேச்சு இது. "முந்தாநாள் வாங்கிட்டுப் போனது கேக்கலைங்க அம்மணி, கொஞ்சம் பவரா இருக்கறதாக் குடுங்க." சொல்கிறவர் பெரும்பாலும் தறிக்குடோனில் ஷிப்ட் முடிந்து நேராக வந்திருப்பார். புருவத்தில் பஞ்சு ஒட்டியிருக்கும். கண் சிவந்திருக்கும். ஐம்பது ரூபாய் நோட்டை மடித்து உள்ளங்கையில் வைத்திருப்பார். டாக்டர் சீட்டு இருக்காது.

"கேக்கறது" என்பது எவ்வளவு சரியான சொல் என்று பல நாள் நினைத்திருக்கிறேன். மாடு சொன்னால் கேட்கும், பிள்ளை சொன்னால் கேட்கும், அதே மாதிரி காய்ச்சல் மருந்துக்குக் கேட்கும். டாக்டர்கள் 'ரெசிஸ்டன்ஸ்' என்று சொல்கிற சங்கதியை எங்கள் ஊரில் படிக்காதவர்கூட ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறார். கேக்கலை. அவ்வளவுதான். ஆனால் எது கேட்கவில்லை என்பதில்தான் எல்லோரும் தவறுகிறோம். "என்ற உடம்புக்கு அந்த மாத்திரை பழகிப்போச்சுங்க" என்கிறார்கள். பழகியது உடம்பு இல்லை, கிருமி.

இதைக் கடையில் விளக்க எனக்குச் சுலபமான வழி பருத்திதான். பருத்தி போட்ட குடும்பங்கள் இங்கே நிறைய. தொண்ணூறுகளில் காய்ப்புழுவுக்கு மருந்தடித்து அடித்து, கடைசியில் எந்த மருந்துக்கும் புழு சாகாமல் தலையில் கைவைத்து உட்கார்ந்தது பெரியவர்களுக்கு மறக்கவில்லை. அடிக்கிற மருந்தில் தப்பித்த புழு முட்டையிடும், அதன் குஞ்சும் தப்பிக்கும். அப்புறம் காடு முழுக்கத் தப்பித்த புழுவின் வம்சம்தான். "அதே கதைதானுங்க, காடு நம்ம குடலு, அவ்வளவுதான் வித்தியாசம்" என்றால் உடனே புரிந்துகொள்கிறார்கள். புரிந்துகொண்ட பிறகும் "சரிங்க அம்மணி, இன்னிக்கு மட்டும் ரெண்டே ரெண்டு குடுங்க" என்கிறார்கள். அந்த ரெண்டைப் பற்றித்தான் எழுத நினைத்தேன்.

டிப்ளமோ முடித்து 14 வருஷமாக இந்த வேலையில் இருக்கிறேன். முதலில் வேலை பார்த்த கடையில் என் கையில் சாவிக்கு முன்னால் கத்தரிக்கோலைத்தான் கொடுத்தார்கள். பத்து மாத்திரை உள்ள அட்டையில் இரண்டு இரண்டாக வெட்டிக் கொடுப்பதற்கு. அட்டையின் பின்பக்கம் ஓரமாக ஒரு சிவப்புக் கோடு மேலிருந்து கீழாக ஓடும். டாக்டர் சீட்டு இல்லாமல் இதைச் சாப்பிடக் கூடாது என்பதற்கான அடையாளம் அது. அந்தக் கோட்டைப் பற்றி மக்களுக்குச் சொல்ல மத்திய அரசு 2016இல் ஓர் இயக்கமே நடத்தியது. வெட்டுகிறபோது அந்தக் கோடும் துண்டாகும். காலாவதித் தேதி ஒரு துண்டில் போகும், மருந்தின் பெயர் பாதி இன்னொரு துண்டில் நிற்கும். வாங்கிப் போனவர் வீட்டில் தான் என்ன சாப்பிட்டோம் என்று சொல்லக்கூட எழுத்து மிஞ்சாது. ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டால், "வெள்ளையா, நீளமா ஒரு மாத்திரைங்க" என்பார்.

அந்தக் கத்தரிக்கோலால் என் சொந்த அம்மிச்சிக்கும் நான் வெட்டிக் கொடுத்திருக்கிறேன்.

அம்மிச்சி என்றால் அம்மாவைப் பெற்றவர். அவருக்குச் சர்க்கரை உண்டு. ரெண்டு மூணு மாசத்துக்கு ஒருதரம் நீர்க்கடுப்பு வரும். அம்மா போன் செய்து, "சாமி, வரும்போது அந்த மாத்திரை எடுத்துட்டு வந்துரு" என்பார். நானும் ஆறு மாத்திரை எடுத்துப்போவேன். ஒருமுறை சிப்ரோஃபிளாக்சசின், இன்னொருமுறை செஃபிக்ஸிம். எரிச்சல் அடங்கியதும் மீதியை அஞ்சறைப்பெட்டிக்குப் பக்கத்தில் வைத்துவிடுவார். அடுத்த தடவைக்கு ஆகட்டும் என்று. நான் மருந்து படித்தவள். எனக்குத் தெரியாது என்று சொல்ல முடியாது. வீட்டு மனுஷி வலியில் இருக்கிறார், டாக்டரிடம் போக அரை நாள் ஆகும், என் கைக்கு எட்டுகிற இடத்தில் மாத்திரை இருக்கிறது. எடுத்துக்கொண்டு போனேன்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு கார்த்திகை மாத ராத்திரியில் அம்மிச்சிக்குக் குளிர் கண்டது. இரண்டு கம்பளி போர்த்தியும் கட்டில் ஆடியது. விடிகாலையில் என்னைப் பார்த்து, "நீ யாரு கண்ணு?" என்று கேட்டார். ஈரோட்டில் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ரத்தமும் சிறுநீரும் கல்ச்சருக்கு, அதாவது கிருமியை வளர்த்துப் பார்க்கிற சோதனைக்கு, எடுத்தார்கள். முடிவு வர மூன்று நாள் ஆனது.

அந்தத் தாள் இன்னும் என் பீரோவில் இருக்கிறது. மேலே 'இ. கோலை' என்று கிருமியின் பெயர். கீழே மருந்துகளின் பெயர்கள் வரிசையாக. ஒவ்வொன்றுக்கும் நேராக ஒரே ஓர் எழுத்து. 'எஸ்' என்றால் கேட்கும், 'ஆர்' என்றால் கேட்காது. ஆம்பிசிலின் ஆர். செஃபிக்ஸிம் ஆர். செஃப்ட்ரியாக்சோன் ஆர். சிப்ரோஃபிளாக்சசின் ஆர். கோட்ரைமாக்சசோல் ஆர். என் கடையின் இரண்டாவது ரேக் முழுவதும் அந்தத் தாளில் ஆர் ஆக இருந்தது. விரலை வைத்துக் கீழே கீழே இறங்கினேன். அமிக்காசினுக்கு எஸ். மெரோபெனமுக்கு எஸ். உயிர் வந்தது.

மெரோபெனம் எட்டு மணி நேரத்துக்கு ஒருதரம் நரம்பில் ஏற்றுகிற ஊசி. வீட்டில் ஈன்று இரண்டு மாதமே ஆன கறவை மாட்டை அப்பிச்சி விற்றார். கன்றோடு சேர்த்துத்தான் கேட்டார்கள், சேர்த்தே கொடுத்துவிட்டார். அம்மிச்சி பிழைத்து வந்தார். அதற்கப்புறம் கடையில் கத்தரிக்கோலை எடுக்கும்போதெல்லாம் அந்தத் தாள்தான் கண்முன் வருகிறது.

டாக்டர் ஒன்றைத் தெளிவாகச் சொன்னார். இந்தக் கிருமி என் ஆறு மாத்திரையால் மட்டும் வந்தது என்று சொல்லிவிட முடியாது. நோயே இல்லாமல் நடமாடுகிறவர்களின் குடலிலும் இப்படிப்பட்ட கிருமிகள் நம் நாட்டில் பரவலாக இருக்கின்றன. தண்ணீரில், கைகளில், சாக்கடையில் ஊர் விட்டு ஊர் போகின்றன. எங்கேயோ யாரோ சாப்பிட்ட அரைகுறை மாத்திரை என் அம்மிச்சியின் கட்டிலை ஆட்டலாம். நான் வெட்டிக் கொடுத்தது வேறு யாருடைய கட்டிலையோ ஆட்டியிருக்கும். உலக அளவில் எண்ணிப் பார்த்தவர்கள் 2019ஆம் ஆண்டில் மட்டும் 12.7 லட்சம் பேர் மருந்துக்கு அடங்காத பாக்டீரியாவால் நேரடியாக இறந்ததாகக் கணக்கிட்டிருக்கிறார்கள்.

அதனால் இது "மக்களுக்கு விழிப்புணர்வு இல்லை" என்ற ஒரே வரியில் முடிகிற விஷயம் இல்லை. அந்த வரியைக் கேட்டாலே எனக்குக் கோபம் வரும். பஞ்சு ஒட்டிய புருவத்தோடு நிற்கிற அண்ணனின் கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஆரம்ப சுகாதார நிலையம் ஏழு கிலோமீட்டர். புறநோயாளிகளைப் பார்ப்பது பகல் வேளையில். போனால் ஒரு ஷிப்ட் கூலி போகும். தனியார் கிளினிக் பொழுதோட, சாயங்காலம் திறக்கும், ஆனால் ஃபீஸ், ஊசி, மாத்திரை என்று கூலிக்கு மேலேயே ஆகிவிடும். என் கடை ராத்திரி பத்து மணி வரை திறந்திருக்கிறது. ஐம்பது ரூபாயில் காரியம் முடிகிறது. அவர் கணக்கில் பிழையே கிடையாது. அவருக்கு எட்டுகிற தூரத்தில், எட்டுகிற நேரத்தில் இருக்கிற ஒரே 'சுகாதார நிலையம்' என் கடைதான்.

சட்டம் இல்லாமல் இல்லை. 2014 மார்ச் 1 முதல் 'ஹெச் 1' அட்டவணை நடைமுறையில் இருக்கிறது. தொடங்கியபோது 46 மருந்துகள், செஃபிக்ஸிமும் மெரோபெனமும் காசநோய் மருந்துகளும் அதில் அடக்கம். இவற்றை விற்றால் தனி நோட்டில் டாக்டர் பெயர், நோயாளி பெயர், மருந்து, எண்ணிக்கை எழுதி மூன்று வருஷம் வைத்திருக்க வேண்டும். நான் எழுதுகிறேன். ஆனால் என் கடையில் சீட்டுக் கேட்டால் அடுத்த கடைக்குப் போவார், அங்கேயும் கேட்டால் அதற்கடுத்த கடை. வெறும் கையோடு வீட்டுக்குப் போனாலும் அவருடைய காய்ச்சல் காய்ச்சல்தானே? கதவை அடைப்பதற்கு மட்டும் சட்டம் போட்டால் போதாது. வேறொரு கதவு திறந்திருக்க வேண்டும்.

அப்படித் திறந்த ஒரு கதவை இந்த மண்ணிலேயே பார்த்திருக்கிறோம். காசநோய்க்காரர்களைத் தங்கவைத்து வைத்தியம் பார்த்த பெருந்துறை சானடோரியத்தைச் சொல்கிறேன். எங்கள் பக்கம் பெரியவர்கள் காசநோய் என்று வாயால் சொல்ல மாட்டார்கள், "பெருந்துறையில இருக்காரு" என்பார்கள். அவ்வளவுதான், புரிந்துவிடும். இன்று அந்த இடத்தில் மருத்துவக் கல்லூரி நடக்கிறது.

மருந்துக்குக் கேட்காமல் போவது என்றால் என்ன என்று உலகத்துக்கு முதலில் பாடம் சொன்ன நோய்களில் காசநோய் ஒன்று. ஸ்ட்ரெப்டோமைசின் 1943இல் கண்டுபிடிக்கப்பட்டது. இங்கிலாந்தில் அதைத் தனியாகக் கொடுத்துப் பார்த்த சோதனையின் முடிவு 1948இல் வந்தது. முதலில் நோயாளிகள் தேறினார்கள், சில மாதங்களில் பலருக்குக் கிருமி மருந்தை மீறிவிட்டது. அதன் பிறகுதான் ஒரே நேரத்தில் இரண்டு மூன்று மருந்தாகக் கொடுக்கும் வழக்கம் வந்தது. சரி, மாதக்கணக்கில் பல மருந்து சாப்பிட வேண்டும் என்றால் ஏழை என்ன செய்வான்? எல்லோருக்கும் சானடோரியத்தில் கட்டில் உண்டா? இதற்கு விடை சென்னையில் கிடைத்தது. 1956இல் தொடங்கிய ஆய்வு ஒன்றில் நெரிசலான வீடுகளில் இருந்த ஏழை நோயாளிகளில் ஒரு பாதியைச் சானடோரியத்திலும் மறு பாதியை வீட்டிலும் வைத்து ஒரே மருந்துகளை ஒரு வருஷம் கொடுத்தார்கள். 1959இல் முடிவு வெளியானது. நல்ல சாப்பாடும் ஓய்வும் காற்றும் கிடைத்தவர்களுக்கும், ஓட்டு வீட்டில் வேலைக்குப் போய்க்கொண்டே மருந்து சாப்பிட்டவர்களுக்கும் பலனில் பெரிய வித்தியாசம் இல்லை. உலகம் முழுக்கக் காசநோய் வைத்தியம் வீட்டுக்கு வந்தது அந்த ஆய்வுக்குப் பிறகுதான். நம் மாநிலத்துக்கு இதில் இருக்கிற பெருமை பள்ளிக்கூடப் பாடத்தில் வர வேண்டியது.

வீட்டில் கொடுத்தால் போதும் என்று அதற்கு அர்த்தம் இல்லை. மருந்து தவறாமல் போய்ச் சேர வேண்டும், யாராவது வந்து பார்க்க வேண்டும். இன்று ஒருவருக்கு இரண்டு வாரம் இருமல் என்றால் சளி மாதிரியை எடுத்து அனுப்புகிறார்கள். கருவியில் வைத்தால் இரண்டு மணி நேரத்தில் காசநோயா என்பதோடு, முக்கியமான காசநோய் மருந்தான ரிஃபாம்பிசினுக்குக் கேட்குமா கேட்காதா என்பதும் தெரிந்துவிடும். மருந்து இலவசம். சத்துணவுக்கு மாதம் 500 ரூபாயாக இருந்த உதவி, 2024 நவம்பரில் 1,000 ஆனது. காசநோய் மருந்து விற்றால் என்னைப் போன்ற கடைக்காரரும் தெரிவித்தாக வேண்டும் என்று 2018இல் அறிவிக்கை வந்தது. மருந்துக்கு அடங்காத காசநோய்க்கு ஒன்றரை வருஷம், இரண்டு வருஷம் என்று இருந்த சிகிச்சையை ஆறு மாதமாகச் சுருக்கும் புதிய கூட்டு மருந்துக்கும் 2024இல் அனுமதி கிடைத்தது.

ஆக, ஒரு நோய்க்கு இதெல்லாம் முடிந்திருக்கிறது. சோதனை, இலவச மருந்து, பெயர் எழுதும் பதிவேடு, வீடு தேடி வரும் ஆள். மற்றக் காய்ச்சல்களுக்கு மட்டும் ஏன் கத்தரிக்கோலும் ஐம்பது ரூபாயும்?

போன வருஷம் ஐப்பசியில் மலையடிவாரத்திலிருந்து ஆடு மேய்க்கிற ஓர் அக்கா வந்தார். ஆறு நாளாகக் காய்ச்சல், மண்டை பிளக்கிற தலைவலி. இரண்டு கடையில் வாங்கிய துண்டு அட்டைகளை முந்தானையில் முடிந்து வைத்திருந்தார். பிரித்துப் பார்த்தேன். இரண்டுமே செஃபிக்ஸிம். எனக்கு ஏதோ தோன்றி, எங்கள் பகுதிக் கிராம சுகாதாரச் செவிலியரைக் கூப்பிட்டேன். அவர் வண்டியில் வந்து, கடைக்கு உள்ளே மறைவாக அழைத்துப் போய்ப் பார்த்தார். அக்குளுக்குக் கீழே ஊதுபத்தியால் சுட்டது போலக் கறுப்பாக ஒரு பொருக்கு. வலி இல்லாததால் அக்காவுக்கே தெரியவில்லை. "இது ஸ்க்ரப் டைபஸா இருக்குமுங்க, புதர்ல இருக்கற சின்னப் பூச்சி கடிச்சு வர்றது" என்று ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பினார். அங்கே டாக்ஸிசைக்ளின் கொடுத்தார்கள். பழைய, மலிவான மருந்து. இரண்டே நாளில் காய்ச்சல் இறங்கியது. அந்தக் கிருமி செல்லுக்குள் புகுந்து வாழ்கிறது, செஃபிக்ஸிம் அதை ஒன்றும் செய்யாது. பத்து நாள் கொடுத்தாலும் கேட்காது. குடலில் சும்மா இருந்த மற்றக் கிருமிகளுக்குத்தான் பயிற்சி.

உடையைக் கொஞ்சம் விலக்கிப் பார்க்க ஒரு செவிலியர், சரியான மருந்து இருப்பில் இருக்கிற ஒரு நிலையம். காரியம் அவ்வளவில் முடிந்தது. இதைத்தான் சுகாதாரக் கட்டமைப்பு என்கிறார்கள். கேட்கப் பெரிய வார்த்தையாக இருக்கிறது.

சோதனையும் சரியான சோதனையாக இருக்க வேண்டும். "டைபாய்டு லேசா இருக்குன்னு சொன்னாங்க" என்று தாளோடு வருகிறவர்கள் ஏராளம். பெரும்பாலும் விடால் சோதனை. 1896இல் வந்த முறை அது. எப்போதோ வந்துபோன காய்ச்சலுக்கும், வேறு நோய்க்கும்கூட அதில் 'இருக்கிறது' என்று வந்துவிடும். டைபாய்டை உறுதியாகச் சொல்ல ரத்தக் கல்ச்சர் வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் அந்த வசதி வைக்க முடியாதுதான். ஆனால் சளி மாதிரி போகிற மாதிரி ரத்தமும் சிறுநீரும் பெருந்துறைக்கோ கோயமுத்தூருக்கோ போக முடியாதா? முடிவு போனில் வரலாமே.

நோயே வராமல் பார்த்துக்கொண்டால் மருந்தின் பேச்சே இல்லை. லான்செட் இதழில் 2024இல் ஒரு கணக்கு வந்தது. ஏழை, நடுத்தர நாடுகளில் ஆஸ்பத்திரிச் சுத்தத்தை மேம்படுத்தினால் ஆண்டுக்கு 3.37 லட்சம் பேர், எல்லோருக்கும் நல்ல குடிநீரும் கழிப்பறையும் கிடைத்தால் 2.47 லட்சம் பேர், குழந்தைகளுக்குத் தடுப்பூசி ஒழுங்காகப் போட்டால் 1.81 லட்சம் பேர் மருந்துக்கு அடங்காத கிருமிகளால் சாகாமல் தடுக்கலாம் என்கிறது. புது மருந்து எதுவும் தேவையில்லை. கைகழுவுகிற சோப்பு, மூடிய சாக்கடை, தடுப்பூசி. இதில் தமிழ்நாடு பின்தங்கிய மாநிலமும் இல்லை. ஐந்து நோய்க்கான பென்டாவேலன்ட் தடுப்பூசியை 2011இல் நாட்டிலேயே முதலில் தொடங்கியது கேரளமும் நாமும்தான். நிமோனியாவுக்கான தடுப்பூசி 2021இல் இலவசமாக வந்தது. அரசு ஆஸ்பத்திரிகளுக்கு ஒரே இடத்தில் மருந்து வாங்கித் தருவதற்கென்று 1994இலேயே மருத்துவப் பணிகள் கழகம் அமைத்த மாநிலம் இது. அடித்தளம் உறுதியாக இருக்கிறது. அதன் மேல் கட்டச் சொல்லித்தான் கேட்கிறேன்.

கொங்கு நாட்டில் இருந்துகொண்டு கோழியைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. நாமக்கல் முட்டை, பல்லடம் கறிக்கோழி. பெரியப்பா மகன் ஒருவர் பல்லடம் பக்கம் ஒப்பந்தப் பண்ணை வைத்திருக்கிறார். சில வருஷத்துக்கு முன்னால் அவர் பண்ணைக்குப் போயிருந்தபோது தண்ணீர் டிரம்முக்குப் பக்கத்தில் கிடந்த காலி பாக்கெட்டை எடுத்துப் பார்த்தேன். கொலிஸ்டின். "இது எதுக்குண்ணா?" என்றேன். "குஞ்சு கழிசல் இல்லாம எடை ஏறுமாம், குடுத்தாங்க, கலக்கறோம்" என்றார். அவருக்கு அது வைட்டமின் பொடி மாதிரி இன்னொரு பொடி. அம்மிச்சியின் தாளில் மெரோபெனமும் ஆர் ஆக இருந்திருந்தால், டாக்டர்கள் அடுத்து யோசித்திருக்கக்கூடிய மருந்து அதுதான். 2015இல் சீனாவில் பன்றிகளிடம் கொலிஸ்டினுக்கு அடங்காத மரபணு ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். ஒரு கிருமியிலிருந்து இன்னொரு கிருமிக்கு அது சுலபமாகத் தாவும். 2019 ஜூலையில் உணவுக்காக வளர்க்கும் பிராணிகளுக்குக் கொலிஸ்டின் கொடுப்பதை இந்திய அரசு தடை செய்தது. நல்ல முடிவு. அண்ணன் இப்போது பட்டிக்குப் பட்டி இடைவெளி விட்டு, தரைக்குச் சுண்ணாம்பு அடித்து, வாசலில் கால் நனைக்க மருந்துத் தண்ணீர்த் தொட்டி வைத்திருக்கிறார். எடை ஒன்றும் குறைந்துவிடவில்லை என்கிறார்.

மாட்டுக்கும் இப்படி வழி உண்டு. மடிநோய் தொடங்கும்போதே சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள் தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் அரைத்து மடியில் தடவும் முறையை நம் கால்நடைப் பல்கலைக்கழகத்தார் வகுத்தார்கள், தேசிய பால்வள வாரியம் நாடெங்கும் பரப்புகிறது. மூன்றும் ஈரோட்டு மாவட்டத்துக்காரர் வீட்டில் இல்லாமல் போகாது. முற்றிய நோய்க்கு மாட்டு டாக்டர்தான் வேண்டும், அதில் சந்தேகம் வேண்டாம். ஆரம்பத்திலேயே ஊசிக்கு ஓடுவது குறைந்தால் பாலில் கலக்கிற மருந்தும் குறையும்.

கடையில் இப்போது நான் சீட்டு இல்லாமல் ஆன்டிபயாடிக் கொடுப்பதில்லை. சீட்டோடு வந்தாலும் பாதி அட்டை போதும் என்றால், எத்தனை நாளைக்கு எழுதியிருக்கிறார் என்று காட்டி முழுதாக வாங்கச் சொல்கிறேன், காசு பிறகு தந்தால் போதும் என்கிறேன். சிலர் கோபித்துக்கொண்டு போகிறார்கள். சளிக்கும் சாதாரணத் தொண்டை வலிக்கும் வருகிறவர்களிடம் உப்புத் தண்ணீர், பாராசிட்டமால், மூன்று நாள் பொறுமை என்று சொல்கிறேன். செவிலியரின் நம்பரைக் கல்லாவுக்கு மேலே எழுதி ஒட்டியிருக்கிறேன். முதலாளி முதலில் முகம் சுளித்தார். அம்மிச்சியின் தாளின் ஜெராக்ஸ் ஒன்றை அவரிடம் கொடுத்தேன். ஒன்றும் பேசாமல் டிராயரில் வைத்துக்கொண்டார்.

அக்டோபர் 2 கிராம சபையில் ஒரு மனு கொடுத்தேன். துணை சுகாதார நிலையத்தில் வாரத்துக்கு மூன்று நாளாவது பொழுதோட ஆறிலிருந்து எட்டு வரை ஆள் வேண்டும், தறி ஷிப்ட் முடிகிற நேரம் அது. கல்ச்சருக்கான மாதிரியை அங்கேயே எடுத்து அனுப்ப ஏற்பாடு வேண்டும். எங்கள் பகுதியில் எந்தக் கிருமி எந்த மருந்துக்குக் கேட்கிறது என்று வருஷத்துக்கு ஒரு தாள் எங்களுக்கும் டாக்டர்களுக்கும் வர வேண்டும். மூன்றையும் தீர்மானப் புத்தகத்தில் ஏற்றினார்கள். அடுத்த சபைக்குக் காத்திருக்கிறேன். என்ன ஆச்சு என்று கேட்க நான் போவேன். அம்மிச்சியும் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார்.